குகைக்குள் வரும் கதிரவன்

மகர சங்கராந்தியன்று மாலையில் பெங்களூரு நகரின் கவிபுரம் பகுதியில் பெருங்கூட்டம் திரள்வது வழக்கம். 'கவி' என்ற கன்னடச் சொல்லுக்குக் குகை என்பது பொருள். அங்கே பாறையைக் குடைந்து அமைந்த குகைக்கோயிலில் கங்காதரேசுவரர் என்ற திருப்பெயருடன் சிவபெருமான் எழுந்தருளியிருக்கிறார். பெங்களூரு நகரை உருவாக்கிய கெம்பெ கௌடர் 16ஆம் நூற்றாண்டில் இக்கோயிலுக்குத் திருப்பணி செய்தார். முற்றத்தில் ஒற்றைக்கல்லால் ஆன தூண்கள் நிற்கின்றன. அவற்றுள் இரண்டு, சூரியனுக்கும் சந்திரனுக்கும் உரிய பெரிய கல்வட்டங்களைத் தாங்கியுள்ளன. மற்றவை திரிசூலத்தையும் உடுக்கையையும் தாங்கியுள்ளன.

ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அந்தக் கருவறைக்குள் வெயில் எட்டிப் பார்ப்பதில்லை. சங்கராந்தி மாலையிலோ, மேற்கே சாயும் கதிரவனின் ஒளி சாளரத்தின் வழியே நுழைகிறது. நந்தியின் கொம்புகளுக்கிடையே புகுகிறது. மெல்ல நகர்ந்து சிவலிங்கத்தைத் தழுவுகிறது. கூடியிருப்போர் கைகூப்புகின்றனர். பலருடைய கண்கள் கலங்குகின்றன.

இக்காட்சியைப் பற்றி இளைஞர் ஒருவர் இப்படிக் கேட்கக்கூடும்: "இது வெறும் கோணக் கணக்குத்தானே? கணக்கு தெரிந்துவிட்டால், இதில் வணங்குவதற்கு என்ன இருக்கிறது?" நம்மில் பலர் இக்கேள்வியைக் கேட்டவுடன் முகம் சுளிக்கிறோம், "நாத்திகம் பேசாதே" என்று அதட்டுகிறோம். ஆனால் இது அதட்டி அடக்க வேண்டிய கேள்வி அன்று. நம் பக்தி எதன்மீது நிற்கிறது என்று சோதித்துப் பார்க்கும் கேள்வி. ஆகவே அந்த இளைஞருடன் சேர்ந்து நாமும் கணக்கிற்குள் சென்று பார்ப்போம்.

கதிரவன் நடக்கும் வழி

சூரியன் நாள்தோறும் ஒரே இடத்தில் மறைவதில்லை. பூமியின் அச்சு சற்றேறக்குறைய இருபத்து மூன்றரை பாகை சாய்ந்திருப்பதால், சூரியன் மறையும் இடம் அடிவானத்தில் ஆண்டு முழுவதும் வடக்கும் தெற்குமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. பெங்களூரில் நின்று பார்த்தால், டிசம்பர் 21ஆம் தேதியை ஒட்டி நேர் மேற்கிலிருந்து தெற்கே சுமார் 24 பாகை தள்ளிச் சூரியன் மறையும். அதுவே தென்கோடி. அங்கே சில நாட்கள் நின்றதுபோல் தோன்றி, பிறகு வடக்கு நோக்கித் திரும்பும். ஜூன் 21ஆம் தேதியை ஒட்டி, வடக்கே அதே அளவு தள்ளி மறைந்து, மீண்டும் தெற்கு நோக்கித் திரும்பும்.

கவிபுரத்துக் குகைக்கோயில் தென்மேற்கு நோக்கியது. சூரியன் தென்கோடியை அடுத்து நிற்கும் நாட்களில்தான் மாலைக்கதிர் அந்தக் குகைக்குள் நீண்டு புகமுடியும். இது கட்டடத்திற்கும் வானத்திற்கும் இடையே அமைந்த உறவு. தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் ஆண்டின் சில நாட்களில் மூலவரின்மீது கதிர் விழுவதைச் 'சூரிய பூஜை' என்று கொண்டாடுகிறோமே, அதற்கும் அடிப்படை இதுவே.

இனி, கணக்கு நமக்குச் சொல்லும் முதற்செய்தியைக் கேளுங்கள். டிசம்பர் 21இல் தென்கோடியைத் தொட்டுத் திரும்பும் சூரியன், போகும்போது கடந்த இடங்களையே வரும்போதும் கடக்கிறது. சங்கராந்தி நாளான ஜனவரி 14, தென்கோடி நாளிலிருந்து 24 நாட்கள் பிந்தியது. அப்படியானால் 24 நாட்கள் முந்தைய நாளான நவம்பர் 27ஐ ஒட்டியும் சூரியன் வானில் அதே பாதையில் சென்றிருக்க வேண்டும். அதே கதிர் அதே குகைக்குள் வந்திருக்க வேண்டும்.

உண்மையில் அப்படித்தான் நிகழ்கிறது. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு கோளரங்கத்தைச் சேர்ந்த பி. எஸ். ஷைலஜாவும் உடனாய்வாளர்களும் இக்கோயிலை ஆராய்ந்து, 2008ஆம் ஆண்டில் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் கட்டுரை வெளியிட்டனர். ஜனவரி நடுவில் மட்டுமன்றி, நவம்பர் இறுதியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் மாலைக்கதிர் சிவலிங்கத்தின்மீது விழுகிறது என்பது அவர்கள் கண்ட உண்மை.

அன்பர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாம் ஆண்டுக்கு ஒருநாள் என்று நினைத்திருந்த அருட்காட்சி ஆண்டுக்கு இருமுறை நிகழ்ந்துகொண்டிருந்திருக்கிறது. ஜனவரியில் கூட்டம் திரள்கிறது. நவம்பர் மாலையில் திருவிழா இல்லை. ஆயினும் கதிர் வரும் வழியில் மாற்றம் இல்லை. பார்ப்பார் இல்லை என்பதற்காகச் சூரியன் வழிபாட்டைத் தவிர்க்கவில்லை. கணக்கு அறிந்ததனால் நாம் எதை இழந்தோம்? ஒன்று இரண்டாயிற்று. போதாக்குறைக்கு, பலனும் புகழும் கருதாத கர்ம யோகத்திற்கு ஓர் இலக்கணமும் கிடைத்தது.

உங்கள் ஊர்க் கோயிலிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். பங்குனி நடுவில் மூலவரின்மீது கதிர் விழுமானால், ஜூன் 21இலிருந்து அதே நாட்கணக்கில் பின்னால் எண்ணி வாருங்கள். ஆவணி இறுதியில் அக்கதிர் மீண்டும் வரவேண்டும். மேகம் மறைக்காவிட்டால் வரும்.

பண்டிகையும் கதிரும் பிரியும்போது

கணக்கு சொல்லும் இரண்டாம் செய்தி சற்றுக் கடினமானது.

சுவாமி விவேகானந்தர் 1863ஆம் ஆண்டு ஜனவரி 12 அன்று அதிகாலையில் பிறந்தார். அன்று மகர சங்கராந்தி. இது அன்பர்கள் அனைவரும் அறிந்த செய்தி. ஆனால் இன்று சங்கராந்தி ஜனவரி 14 அல்லது 15ஆம் தேதியில் வருகிறது. இந்த இரண்டு நாள் வேறுபாடு எங்கிருந்து வந்தது?

சுழலும் பம்பரம் தன்மேல் சுழன்றுகொண்டே தலையையும் மெல்ல வட்டமிட்டு அசைப்பதைப் பார்த்திருக்கிறோம். பூமியின் அச்சும் அவ்வாறே மிக மெதுவாக வட்டமிடுகிறது. ஒரு வட்டம் முடிய ஏறக்குறைய 25,800 ஆண்டுகள் ஆகும். நம் சங்கராந்தி, விண்மீன்களின் பின்னணியில் சூரியன் மகர ராசியில் நுழைவதைக் கொண்டு கணிக்கப்படுவது. வெயிலும் பருவங்களும் சூரியனின் வடதென் ஓட்டத்தைப் பின்பற்றுபவை. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையே சுமார் 20 நிமிட வேறுபாடு உண்டு. 70 ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆனால் அது ஒருநாளாகத் திரண்டுவிடுகிறது. பஞ்சாங்கத்தில் 'அயனாம்சம்' என்று குறிப்பது இதைத்தான். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பு சூரியன் தென்கோடியில் திரும்பும் நாளும் மகர சங்கராந்தியும் ஒன்றாக இருந்தன. இன்று இரண்டுக்கும் இடையே மூன்று வாரங்களுக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டது.

அப்படியானால் கெம்பெ கௌடர் காலத்தில் சங்கராந்தி, இன்றைய நாட்காட்டிக் கணக்கின்படி, ஜனவரி 7, 8 தேதிகளை ஒட்டி வந்திருக்கும். அன்று மாலைச் சூரியன் இன்றைய சங்கராந்திச் சூரியனைவிடச் சற்றுத் தெற்கே நின்றிருக்கும். கோயிலின் அமைப்பும் அன்றுபோல் இன்று இல்லை. 1792இல் பெங்களூருக்கு வந்த ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் வரைந்த ஓவியங்களை இன்றைய கோயிலுடன் மேற்சொன்ன ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். அக்காலத்தில் இவ்வளவு கட்டடங்கள் இருக்கவில்லை என்றும், சூரியன் கோடிகளில் திரும்பும் நாட்களை ஒட்டியே ஒளி விழுந்திருக்க வேண்டும் என்றும் அவர்கள் கருதினர்.

எதிர்காலத்தை நினைத்தால் இது இன்னும் தெளிவாகும். இன்னும் 500 ஆண்டுகளில் மகர சங்கராந்தி ஜனவரி 21ஐ ஒட்டி வரும். கட்டடம் இப்படியே இருக்குமானால், அன்று மாலைக்கதிர் இன்று விழும் இடத்தில் விழாது. கதிர் தன் பழைய நாளில் வரும். பண்டிகை வேறு நாளில் வரும். இரண்டும் பிரிந்துவிடும்.

இது 500 ஆண்டுகளுக்குப் பிறகு வரப்போகும் கவலைதானே என்று எண்ண வேண்டாம். அதன் சிறிய முன்னோட்டத்தை நாம் பார்த்துவிட்டோம். 2021ஆம் ஆண்டு ஜனவரி 14 அன்று மாலையில் பெங்களூரு வானத்தை மேகம் மறைத்தது. காத்திருந்தோர் கண்முன் சிவலிங்கத்தின்மீது கதிர் விழவில்லை. நாட்டுக்கு ஏதேனும் கேடு வருமோ என்று கலங்கினோரும் உண்டு.

அந்தக் கலக்கத்தை நாம் எள்ளி நகையாடக் கூடாது. அதன் வேரைப் பார்க்க வேண்டும். கதிர் விழுந்தால் இறைவன் அருள்கிறான், விழாவிட்டால் கைவிட்டான் என்று கொள்ளும் மனம், தன் இறைவனை ஒரு சாளரத்தின் அளவுக்குச் சுருக்கிவிட்டது. சாளரத்தை மேகம் மறைக்கலாம், சுவர் மறைக்கலாம், காலம் நகர்த்திவிடலாம். எது மறையக்கூடியதோ அதன்மீது கட்டிய நம்பிக்கை, அது மறையும்போது கூடவே சரிந்துவிடும்.

இரண்டு பிழைகள்

இயற்கையின் புதிர்களைக் காணும்போது நாம் செய்யக்கூடிய பிழைகள் இரண்டு.

முதற்பிழை பக்தர்கள் செய்வது. அறிவியலால் விளக்க முடியாதது ஒன்று தென்பட்டால், "பார்த்தீர்களா, இங்கேதான் கடவுள் இருக்கிறார்" என்று மகிழ்கிறோம். நாளை ஒருவர் அதை விளக்கிவிட்டால் என்ன ஆகும்? விளக்கம் ஓரடி முன்னேற, நம் கடவுள் ஓரடி பின்வாங்குவார். கடைசியில் மனிதனின் அறியாமை மட்டுமே அவருக்கு இருப்பிடமாகும். எங்கும் நிறைந்தவன் என்று சொல்லிவிட்டு, நமக்குத் தெரியாத இடத்தில் மட்டும் அவனைத் தேடுவது எவ்வகையில் பொருந்தும்?

இரண்டாம் பிழை, சிறிது படித்தவர்கள் செய்வது. விளக்கம் கிடைத்தவுடன் "இவ்வளவுதானா" என்று திரும்பிவிடுவது. பூவின் இதழ்களை எண்ணி முடித்தவர், எண்ணிக்கை தெரிந்துவிட்டது என்பதற்காக அதன் மணத்தை மறுப்பதுபோன்றது இது.

'இவ்வளவுதானா' என்று சொல்வோர் அந்தக் கதிரைப் பற்றி நாம் அறிந்ததைச் சற்று கூர்ந்து கேட்கட்டும். சங்கராந்தி மாலையில் சிவலிங்கத்தைத் தொடும் ஒளி சூரியனின் மேற்பரப்பிலிருந்து புறப்பட்டு, சுமார் 15 கோடி கிலோமீட்டரை எட்டு நிமிடங்களுக்குச் சற்று மேலான நேரத்தில் கடந்து வருகிறது. ஆனால் அதன் கதை எட்டு நிமிடத்திற்கு முன்பு தொடங்கியதன்று. சூரியனின் நடுவில் நீரிய அணுக்கருக்கள் இணையும்போது பிறக்கும் ஆற்றல், அங்குள்ள நெருக்கடியில் முட்டி மோதி மேற்பரப்பை அடையப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. கெம்பெ கௌடர் பிறப்பதற்கு முன்பு, அந்தக் குகையில் வழிபாடு தொடங்குவதற்கு முன்பு, எந்த நகரமும் எழுவதற்கு முன்பு, இன்று மாலை வரவேண்டிய ஒளிக்கான ஆற்றல் அங்கே பிறந்துவிட்டது.

அது வந்து விழும் பாறையைப் பாருங்கள். கவிபுரத்திலிருந்து சற்றுத் தொலைவில் லால்பாக் பூங்காவிற்குள் ஒரு பாறைக்குன்று உள்ளது. அதன்மீது கெம்பெ கௌடரின் காவற்கோபுரம் ஒன்று நிற்கிறது. தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அந்தப் பாறையின் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். பூமியின் மிகப் பழைய பாறைகளில் ஒருவகை அது. பெங்களூரு நகரமே அவ்வகைப் பாறையின்மேல்தான் அமர்ந்திருக்கிறது.

இன்னும் ஒன்று. அந்தக் குகைக்கு ஒரு சாளரமும் இல்லை, நேரமோ நள்ளிரவு என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் சூரியனிலிருந்து வரும் ஒன்று அங்கே நுழைகிறது. நியூட்ரினோ எனப்படும் நுண்துகள்கள், பூமியின் மறுபக்கத்திலிருந்து பூமியையே ஊடுருவி வருகின்றன. விரல் நகத்தின் பரப்பளவிற்குள் நொடிக்குப் பல ஆயிரம் கோடி துகள்கள் கடந்து செல்கின்றன. நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

இத்தகைய துகள்களைத் தேடியோரும் ஒரு குகைக்குள்தான் இறங்கினர். பெங்களூருக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டரில் கோலார் தங்க வயல் இருக்கிறது. தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்து சென்ற உழைப்பாளர்கள் தலைமுறை தலைமுறையாக வியர்வை சிந்திய இடம் அது. அதன் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் கருவிகளை வைத்து, 1965ஆம் ஆண்டில் இந்திய அறிஞர்கள் ஜப்பானிய, ஆங்கில அறிஞர்களுடன் சேர்ந்து, விண்கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதுவதால் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடத்தைக் கண்டனர். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் அவை புலப்பட்டன. பொன் தேடித் தோண்டிய இருளில், பொன்னினும் அரிய ஓர் உண்மை கிடைத்தது.

இதைக் கேட்டவுடன், "எங்கும் ஊடுருவும் நியூட்ரினோதான் நம் உபநிடதங்கள் கூறும் பிரம்மம்" என்று சொல்லத் துடிக்கும் நாவை நாம் அடக்க வேண்டும். அது முதற்பிழையின் மாற்றுவடிவமே. நியூட்ரினோ அறியப்படும் பொருள். எவ்வளவு நுண்ணியதாயினும் அது 'இது' என்று சுட்டப்படுவது. வேதாந்தம் தேடுவது 'இது' என்று சுட்டப்படும் ஒன்றை அன்று.

எந்த ஒளியால் காண்கிறோம்?

பிருஹதாரண்யக உபநிடதத்தில் ஜனக மன்னருக்கும் யாக்ஞவல்கிய முனிவருக்கும் இடையே ஓர் உரையாடல் வருகிறது. மனிதன் எந்த ஒளியைக் கொண்டு வாழ்கிறான் என்று மன்னர் கேட்கிறார். முனிவர் முதலில் சூரியனைக் காட்டுகிறார். மன்னர் விடவில்லை. சூரியன் மறைந்தால்? சந்திரன். அதுவும் மறைந்தால்? நெருப்பு. அதுவும் அணைந்தால்? ஒலி, இருளில் குரல் வந்த திசையை நோக்கி மனிதன் நடக்கிறான் அல்லவா? அதுவும் அடங்கிவிட்டால்? அப்போது ஆன்மாவே ஒளியாகிறது என்று முனிவர் விடையளிக்கிறார்.

இங்கே ஜனகரின் முறையைக் கவனியுங்கள். ஒவ்வொரு விடையையும் அவர் ஏற்றுக்கொள்கிறார். ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. சூரியன் ஒளி தருகிறது என்பதை அவர் மறுக்கவில்லை. அறிவியலும் இவ்வாறே ஒவ்வொரு விடைக்குப் பின்னும் அடுத்த கேள்வியைக் கேட்கிறது. ஜனகரின் அவையில் கேள்வி கேட்பது பாவமாகக் கருதப்படவில்லை.

ஒருவர் இங்கே தடை எழுப்பலாம்: "உணர்வு எப்படித் தோன்றுகிறது என்று அறிவியல் இன்னும் முழுமையாகச் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தானே நீங்களும் ஆன்மாவை வைக்கிறீர்கள்?" இல்லை. விளக்கப்படாத பொருள்களின் பட்டியலில் கடைசிப் பொருளாக வேதாந்தம் ஆன்மாவைச் சொல்லவில்லை. மூளையின் இயக்கங்கள் அனைத்தும் நாளை விளக்கப்படலாம், அதை வரவேற்போம். அந்த விளக்கமும் ஓர் அறிவில்தான் விளங்கியாக வேண்டும். கணக்கைப் போடும்போதும், கணக்கு சரி என்று காணும்போதும், தவறு என்று திருத்தும்போதும், உடன் நின்று ஒளிர்வது எதுவோ அதையே ஆன்மா என்கிறோம். இருட்டறையில் விளக்கைக் கொண்டு பல பொருள்களைத் தேடுகிறோம். விளக்கு அப்பொருள்களுள் ஒன்று அன்று. ஆனால் அது இல்லாமல் ஒன்றும் கிடைக்காது. அதுபோன்றது இது.

ஆகவே அந்த இளைஞருக்கு நாம் சொல்லக்கூடிய விடை இதுதான்: "தம்பி, நீ சொன்னது சரி; அது கோணக் கணக்குத்தான். அந்தக் கணக்கு முழுவதையும் படி. சூரியன் தவறாமல் வருகிறது என்பதையும், அந்த ஒழுங்கை அறியும் ஆற்றல் உன்னுள் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார். வானத்தில் ஓர் ஒழுங்கு. உன்னுள் அதை அறியும் ஒளி. இந்த இரண்டும் பொருந்துகின்றன என்பதே பெரிய வியப்பு. நாங்கள் கைகூப்புவது அதற்குத்தான். அதற்குப் பிறகும் கைகூப்பத் தோன்றவில்லை என்றால், உன்னை யாரும் வற்புறுத்த மாட்டார்கள்."

நாம் செய்யத்தக்கவை

இச்சிந்தனை ஏட்டோடு நின்றுவிடாதிருக்க, இல்லறத்தார் மூன்று செயல்களை மேற்கொள்ளலாம்.

ஒன்று: வீட்டில் வெயில் விழும் ஒரு சுவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். மாதந்தோறும் ஒரே தேதியில், ஒரே நேரத்தில் வெயிலின் விளிம்பைப் பென்சிலால் குறித்து, தேதியையும் எழுதிவையுங்கள். பிள்ளைகள் இதைச் செய்யட்டும். ஓராண்டில் சூரியனின் பயணம் உங்கள் சுவரிலேயே வரையப்பட்டிருக்கும். கோயில் கட்டிய நம் முன்னோர் செய்ததும் இத்தகைய பொறுமையான கவனிப்புத்தான். 'அவர்கள் அனைத்தையும் அறிந்திருந்தனர்' என்று மேடையில் முழங்குவதைவிட, அவர்கள் பார்த்ததுபோல் ஒருநாள் பார்ப்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

இரண்டு: பிள்ளைகள் கோயிலைப் பற்றியோ கடவுளைப் பற்றியோ 'ஏன்' என்று கேட்டால், வாயை அடைக்காதீர்கள். விடை தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் "சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். கேள்வியை அடக்கிய வீட்டில் வளரும் பிள்ளை, ஒருநாள் கேள்வியோடு பக்தியையும் வெளியே எறிந்துவிட்டுப் போகக்கூடும்.

மூன்று: நவம்பர் 27ஐ ஒட்டிய ஒரு மாலையில், திருவிழா எதுவும் இல்லாத அந்த நேரத்தில், விளக்கேற்றிச் சிறிது நேரம் அமைதியாக அமருங்கள். கவிபுரத்துக் குகைக்குள் கதிர் வரும் வேளை அது. மேகம் இருந்தால் வராமலும் போகலாம். வந்தாலும் வராவிட்டாலும், அதை எண்ணிப் பார்க்கும் ஒளி உங்களுள் அணையாமல் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

சாளரம் வேண்டாத அந்த ஒளியை அறியும் பேற்றை, கங்காதரனாகிய எம்பெருமான் நம் அனைவருக்கும் அருள்வானாக.